ராத்தாவின் பக்கத்துச் சோறு

“இந்தக் கலியாணத்துக்கு சஹன் இல்ல. எல்லாருக்கும் பிளேட்தான், பஃபே” என்று ராத்தா ஃபோனில் சொன்னாள். பந்தல் யார் போடுகிறார்கள், மாப்பிள்ளை வீட்டார் எத்தனை வேனில் வருகிறார்கள், மகளுக்கு என்ன நிறத்தில் உடுப்பு என்று ஒரே மூச்சில் கொட்டிக்கொண்டு வந்தவள், அந்த இடத்தில் மட்டும் நின்று தொண்டையைச் செருமினாள். எனக்கு விளங்கிவிட்டது. எனக்கு மூத்தவள், கூடப்பிறந்தவள், அவளுடைய செருமல்கூட எனக்குப் பாடம்.

எங்கள் பக்கத்தில், நிந்தவூரில் மட்டுமல்ல, இந்தக் கரையோரம் முழுக்கக் கலியாணம் என்றால் சஹன்தான். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, அதன்மேல் இறைச்சி, கோழி, கத்தரிக்காய், அச்சாறு எல்லாம் வைத்து மூடிக் கொண்டுவருவார்கள். அதைச் சுற்றிப் பாயில் ஆறு பேர் உட்கார வேண்டும். ஆண்கள் பந்தலில், பெண்கள் வீட்டுக்குள். ஆறு பேருடைய கையும் ஒரே தட்டில். அவரவருக்கு முன்னால் இருப்பதைத்தான் சாப்பிட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை நீட்டக் கூடாது. ஆனால் நல்ல இறைச்சித் துண்டாகப் பார்த்து அடுத்தவர் பக்கம் தள்ளிவிடலாம். யார் யாருக்குத் தள்ளுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அந்தக் குடும்பத்தின் சண்டை சச்சரவெல்லாம் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடும்.

எனக்கு சஹனில் இரண்டு வில்லங்கம். ஒன்று, பந்தலில் உட்காருவதா வீட்டுக்குள் உட்காருவதா என்பது. நான் பிறந்தபோது எனக்கு ஆண் பிள்ளையின் பெயர்தான் வைத்தார்கள், நான் பெண். மற்றது, என் இரத்தத்தில் எச்.ஐ.வி. இருக்கிறது. முதலாவது வில்லங்கம் ஊருக்கே தெரியும், ஏனென்றால் நான் அபாயா போட்டுக்கொண்டு கல்முனை பஸ்ஸில் ஏறுகிறேன். இரண்டாவது வீட்டுக்குள் மட்டும் தெரியும். உம்மா, ராத்தா, மச்சான், அவர்களுடைய ஒரே மகள். அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண் பிள்ளைக்குத்தான். வாப்பா மௌத்தாகும் முன்பே வீட்டை ராத்தாவின் பெயருக்கு எழுதிவிட்டார், மச்சான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தார், உம்மா மகளோடு இருந்துகொண்டாள். ஆண் பிள்ளை கலியாணம் கட்டி இன்னொருத்தியின் வீட்டுக்குப் போய்விடும் என்பது கணக்கு. நான் எந்தக் கணக்கிலும் வராமல் கொழும்புக்குப் போனேன். அங்கே தையல் கடைகளில் வேலை செய்தேன், என் இஷ்டத்துக்கு உடுத்தேன், என்னைப் போன்றவர்களோடு குடியிருந்தேன். பிறகு காய்ச்சலும் இருமலும் விடாமல் பிடித்து, உடம்பு பாதியாகி, இரத்தம் சோதித்துப் பார்த்துச் சொன்னபோது, போவதற்கு வேறு இடமில்லாமல் நிந்தவூருக்கு வந்து படுத்தேன்.

மச்சான் கெட்டவரில்லை, பயந்தவர். ஆஸ்பத்திரியில் அவருக்குத் தெரிந்த யாரோ வாயைத் திறந்திருக்கிறார்கள். அன்று பின்னேரமே கடைத்தெருவுக்குப் போய் எனக்கென்று சோறு தின்ன ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பீங்கானும் குடிக்கக் கோப்பையும் வாங்கிக்கொண்டு வந்தார். “இது ஒனக்கு லேசா இரிக்கும்” என்றார். பாரம் தூக்க முடியாத நோயாளிக்குச் செய்த உபகாரம் மாதிரி. நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

உம்மா அந்தப் பச்சைக் கோப்பையை ஒரு சதத்துக்கும் மதிக்கவில்லை. நான் குடித்து மிச்சம் வைத்த தேத்தண்ணியை எல்லோருக்கும் முன்னால் எடுத்துக் குடித்துவிட்டு, முந்தானையால் வாயைத் துடைத்துக்கொள்வாள். நோய் எப்படி வந்தது என்று என்னிடம் கேட்காத ஒரே ஆள் அவள்தான். “நோய் அல்லாஹ் தாறது. மருந்தக் குடி, சோத்தத் தின்” என்பாள். ஆனால் என் அபாயாவை மெத்தைக்குக் கீழே ஒளித்து வைத்துவிட்டு ஆண்கள் கட்டும் ஒரு சாரனைக் கொண்டுவந்து தருவாள். “இது அல்லாஹ் தந்ததில்ல, நீயாத் தேடிக்கிட்டது. மகன், இந்தச் சாரன உடு.” அந்த ‘மகன்’ என்ற சொல்லை அவள் ஆணி அடிப்பது போல ஒவ்வொரு வசனத்திலும் அடித்து வைப்பாள்.

ராத்தா அதற்கு நேர்மாறு. நான் யார் என்று அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அவளுடைய தாவணியை நான் சுற்றிக்கொண்டு நின்றதை முதலில் பார்த்தவள் அவள். யாரிடமும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனவளும் அவள். நான் படுக்கையிலிருந்து எழும்பிய காலத்தில் தன்னுடைய சல்வார்களில் இரண்டைத் தோய்த்து மடித்து என் கட்டிலில் வைத்தாள். “தங்கச்சி, இது எனக்கு இறுக்கம், நீ போடு” என்றாள். அந்தச் சொல்லுக்காக நான் அன்று அழுதேன். ஆனால் மடித்த உடுப்பை என் கையில் தராமல் கட்டிலில் வைத்தாள். நான் குளித்துவிட்டு வந்தால் குளியலறைக்குக் கொதிதண்ணி ஊற்றுவாள். தன் மகளை என் பக்கத்தில் படுக்க விடமாட்டாள்.

ஆக, உம்மா என் நோயை ஏற்றுக்கொண்டாள், என்னை ஏற்றுக்கொள்ளவில்லை. ராத்தா என்னை ஏற்றுக்கொண்டாள், என் நோயை ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு பேரையும் சேர்த்துத் தைத்தால் எனக்கு முழுதாக ஒரு குடும்பம் கிடைத்திருக்கும். நான் தையல்காரி, எனக்கே அந்தத் தையல் வரவில்லை.

அந்த வீட்டில் எனக்கு விடுதலை தந்தது ராத்தாவின் மகள். அவள் மகா கெட்டிக்காரி. உம்மா இருக்கும்போது என்னை ‘மாமா’ என்பாள், உம்மா அந்தப் பக்கம் போனதும் ‘சாச்சி’, அதாவது சின்னம்மா, என்பாள். ஒரே பேச்சில் மூன்று தடவை மாறினாலும் நாக்குத் தடுமாறாது. பின்னாளில் நான் கல்முனையில் ஓர் அறை எடுத்து, ஒரு கடைக்கு அபாயாக்களுக்குக் கல் பதித்துக் கொடுக்கத் தொடங்கியபோது, வகுப்பு முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நேரத்தில் என் அறைக்கு வந்து நான் பொரித்துக் கொடுக்கும் முட்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போவாள். ராத்தாவுக்கு அது தெரியாது.

எனக்கு இப்போது உடம்பு நன்றாக இருக்கிறது. ஒவ்வொரு நாளும் காலைத் தேத்தண்ணிக்குப் பிறகு மாத்திரை. இரத்தத்தில் கிருமியைக் காணவே முடியாத அளவுக்கு அடங்கிவிட்டது என்று டொக்டரம்மா சொன்னார். சேர்ந்து சாப்பிடுவதால் இது தொற்றவே தொற்றாது, நோய் கடுமையாக இருந்த காலத்திலும் தொற்றியிருக்காது என்றும் சொன்னார். இதையெல்லாம் நான் ராத்தாவுக்கு ஃபோனில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். “அல்ஹம்துலில்லாஹ்” என்பாள், சந்தோஷமாகத்தான் சொல்வாள். பிறகு பேச்சை மாற்றுவாள்.

சின்ன வயதில் நானும் ராத்தாவும் ஒரே பீங்கானில் சாப்பிட்டவர்கள். மீன் சினை என் பக்கம் விழுந்தால் அவள் கை பாய்ந்து வந்து எடுத்துக்கொண்டு போய்விடும். நான் கத்துவேன், உம்மா இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அடி போடுவாள். எனக்கு வேண்டியிருந்தது அந்தக் கைதான். அவள் என் பக்கத்துச் சோற்றில் ஒரு தடவை கை வைத்துவிட்டால் போதும், மிச்சமெல்லாம் எனக்குச் சரியாகிவிடும் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

அதனால்தான் சஹன் இல்லை என்றதை என்னால் லேசாக எடுக்க முடியவில்லை. சஹன் இருந்தால் என்னை எங்கே, யாரோடு உட்கார்த்துவது என்ற கேள்வி வரும். பிளேட் என்றால் கேள்வியே இல்லை. என் ஒருத்திக்காக ஒரு ஊர்க் கலியாணத்தின் சாப்பாட்டு முறையையே மாற்றிவிட்டாள். என்னைக் கூப்பிடாமல் விட்டிருக்கலாம், அது அவளுக்கு எத்தனையோ சுகம். அப்படி விட மனமில்லாமல் இந்தச் சுற்றுவழியைப் பிடித்திருக்கிறாள். கோபப்படுவதா நன்றி சொல்வதா என்று தெரியாமல், “பஃபே நல்லதுதான் ராத்தா, இப்ப எல்லாரும் அப்பிடித்தான்” என்றேன்.

மணப்பெண்ணின் உடுப்புக்கு நான்தான் கல் பதித்தேன். கலியாணத்தன்று சாயம் போகாத ஒரு நல்ல அபாயாவைப் போட்டுக்கொண்டு வெள்ளனப் போய் இறங்கினேன். வாசலில் மச்சான் என்னைக் கண்டு, “வாங்க, வாங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பந்தல் கம்பை ஆராயத் தொடங்கினார். நான் குசினிப் பக்கமாக வீட்டுக்குள் போனேன். உம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஊர் ஆட்கள் நிறைந்த வீட்டில் சாரன் கொண்டுவரச் சொல்ல முடியாது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நிக்காஹ் நல்லபடி முடிந்தது. பந்தலில் ஆட்கள் பிளேட்டை ஏந்திக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வயதான மாமிமார் இரண்டு பேர், “இதென்ன, நிவாரணச் சாமானுக்கு நிக்கிற மாதிரி” என்று சத்தமாகவே சொன்னார்கள். உம்மாவுக்கு அது குத்திவிட்டது. “என்ட பேத்திட கலியாணத்துல பொண்ணுக்கு ஒரு சஹன் சரி வைக்காமப் போனா நான் மாப்பிள வீட்டாரிட மொகத்துல எப்பிடி முழிக்கிற?” என்று குசினியில் வந்து நின்றாள். ராத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் உம்மா அலுமாரிக்கு மேலே இருந்த தன்னுடைய சஹனை இறக்கச் சொல்லிவிட்டாள். உம்மாவின் கலியாணத்துக்கு அவளுடைய உம்மா கொடுத்தது. ஈயம் பூசிய செம்பு, ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு.

அறைக்குள் பாய் விரித்து அதை வைத்தார்கள். மணப்பெண், உம்மா, ராத்தா, மாப்பிள்ளையின் உம்மா, மாப்பிள்ளையின் தங்கை. ஐந்து பேர். ஒரு இடம் காலி. நான் கதவு நிலையில் சாய்ந்து கொண்டு, கை கழுவுவதற்குக் கெண்டியும் தண்ணியுமாக நின்றேன். தண்ணி ஊற்றிவிட்டு வெளியே போய்விடலாம் என்றுதான் நின்றேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

“சாச்சி, வாங்க. ஒங்களுக்குத்தான் இந்த எடம்” என்றாள் மணப்பெண்.

உம்மா இருக்கிறாள். முதல் தடவையாக அவளுக்கு முன்னால் அந்தச் சொல். நான் அசையவில்லை. மாப்பிள்ளையின் உம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “இவ ஆரு? நான் முந்திக் காணல்லியே” என்று உம்மாவிடம் கேட்டார்.

உம்மா சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை, இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருந்தபோதுகூட. ‘சொந்தக்காரப் புள்ள’ என்று சொல்லிச் சமாளிப்பாள் என்று நினைத்தேன். அதற்கே நான் தயாராக இருந்தேன்.

“என்ட மத்த மகள்” என்றாள் உம்மா. “கல்முனையில இரிக்கிறா. வா புள்ள, சோறு ஆறுது.”

நான் எப்படிப் போய் உட்கார்ந்தேன் என்று தெரியாது. எனக்கு ஒரு பக்கம் மணப்பெண், மறுபக்கம் ராத்தா. பிஸ்மி சொல்லிச் சோற்றில் கை வைத்தேன். சூடு விரலில் சுட்டது.

ராத்தா எழும்பினாள். “வட்டிலப்பம் எல்லாருக்கும் காணுமா எண்டு பாத்துட்டு வாறன், நீங்க சாப்பிடுங்க” என்றாள். அவள் கை சோற்றில் படவே இல்லை. மற்றவர்கள் முடிக்கும் முன் சஹனிலிருந்து எழும்புவது எங்கள் ஊரில் பெரிய மரியாதைக்கேடு. பெண்ணின் தாய், சம்பந்திக்கு முன்னால் எழும்பிப் போனாள். மாப்பிள்ளையின் உம்மா ஒன்றும் தெரியாமல், “பாவம், பொண்ணுட உம்மாக்கு இண்டைக்கு எங்க இரிக்க நேரம்” என்று சொல்லி, எலும்பில்லாத இறைச்சித் துண்டொன்றை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டார். முன்பின் அறியாத மனுஷி. விஷயம் தெரிந்திருந்தால் அவரும் எழும்பியிருப்பாரா என்று நான் இன்றைக்கும் யோசிப்பதுண்டு. அந்த இறைச்சியை நான் மெதுவாக மென்று தின்றேன்.

பிறகு குசினியில் ராத்தாவைப் பிடித்தேன். கழுவத் தேவையில்லாத ஒரு சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“கோவிக்காத புள்ள. நீ சொன்னதெல்லாம் எனக்குத் தெரியும். டொக்டர் சொன்னதும் தெரியும். சும்மா பயம் எண்டும் தெரியும். ஆனா கை போகுதில்ல” என்றாள்.

“கை போகாட்டிப் பரவாயில்ல ராத்தா. கால் மட்டும் ஒங்களுக்கு நல்லாப் போகுது” என்றேன்.

என் வாய் அப்படித்தான். அவள் சட்டியை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கலியாண வீட்டில் மணப்பெண்ணின் தாய் அழுவது வழக்கம்தானே, அதனால் யாரும் ஏனென்று கேட்கவில்லை. நான் அவளுடைய தோளைத் தொடப் போய், கையை இழுத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில், ஒரு த்ரீவீல் என் அறை வாசலில் வந்து நின்றது. பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு பெரிய சாமான். பிரித்துப் பார்த்தால் உம்மாவின் சஹன். உம்மாவுக்கு ஃபோன் எடுத்தேன்.

“அது பொம்புளப் புள்ளைக்குப் போற சாமான்” என்றாள் உம்மா. “எனக்கு ரெண்டு பேர். ஊடு மூத்தவளுக்குப் போயிட்டு. சஹன் ஒனக்கு.”

ஃபோனை வைத்துவிட்டு அந்தத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புளி போட்டுத் தேய்த்துப் புதுப்பெண்ணுக்குக் கொடுப்பது போலப் பளபளவென்று இருந்தது. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனபோது டெட்டோல் போட்டுக் கழுவிய ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. உம்மா மகளுக்குத் தந்தாள். ராத்தா அதைக் கழுவித் தன் வீட்டைவிட்டே அனுப்பிவிட்டாள். இரண்டும் ஒரே த்ரீவீலில் வந்து சேர்ந்திருந்தன. தனியாக ஓர் அறையில் இருக்கிறவளிடம் ஆறு பேர் சாப்பிடும் தட்டு. சிரிப்பு வந்தது, பிறகு நன்றாக அழுதேன்.

உம்மா அதில் என்னோடு ஒரு நாள் சாப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். அவளுக்கு முழங்கால் வருத்தம், தனியாக வர முடியாது, ராத்தாதான் கூட்டிக்கொண்டு வரவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார்கள். நான் முதல் நாளே இறைச்சி எடுத்து வைத்தேன். நெய்ச்சோறு ஆக்கி, கத்தரிக்காய் பொரித்து, பாய் விரித்து, சஹனை நடுவில் வைத்தேன். ராத்தாவுக்குப் பிடிக்கும் என்று மீன் சினையும் தேடி வாங்கிப் பொரித்தேன். நெய்ச்சோற்றோடு மீன் சினை யாராவது தின்பார்களா? நான் பொரித்தேன்.

ஜும்ஆ தொழுகை முடிந்து த்ரீவீல் வந்தது. உம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கினாள். ராத்தா இறங்கவில்லை. “நீங்க சாப்பிடுங்க. வெயில், எனக்குத் தலையிடி. நான் இதுக்குள்ளயே இரிக்கன்” என்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான், பொய்யில்லை. மடியில் எனக்கென்று ஒரு சீலை வைத்திருந்தாள், அதை உம்மாவின் கையில் கொடுத்து அனுப்பினாள்.

உம்மாவும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். உம்மா சோற்றை மூன்றாகப் பிரித்தாள். மூன்றாவது பக்கத்தில் நல்ல இறைச்சியாகப் பொறுக்கி வைத்தாள். மீன் சினை முழுவதையும் அங்கேயே தள்ளினாள். என் பக்கம் வந்த ஒரு துண்டு சினையைக்கூட எடுத்து அங்கே போட்டாள்.

“அவள்ட பக்கம் கை வைக்காத” என்றாள். “வருவாள்.”

“ஓம் உம்மா.”

கதவு திறந்துதான் இருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்தால் த்ரீவீலும், அதன் ஓரத்தில் ராத்தாவின் செருப்புக் காலும் தெரிந்தன. உம்மா இரண்டு தடவை குரல் கொடுத்தாள். மூன்றாம் தடவை கொடுக்கவில்லை. நாங்கள் எங்கள் பக்கத்தை மெதுவாகச் சாப்பிட்டோம், எவ்வளவு மெதுவாகச் சாப்பிட முடியுமோ அவ்வளவு மெதுவாக. என் சோறு முடிந்த பிறகும் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் முடிக்கும் முன் எழும்பக் கூடாதல்லவா?

அவர்கள் போன பிறகு சஹனை மூடி வைத்தேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கொஞ்சம் பசித்தது, ஆனாலும் அந்தப் பக்கத்துச் சோற்றில் நான் கை வைக்கவில்லை. பொழுது சாயும் நேரம் அதை அப்படியே வழித்தெடுத்து, பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டேன்.